பக்கம் 61, வரி 9

ஜனவரி 9, செவ்வாய்

புத்தகம் வந்துவிட்டது. ஆறு அட்டைப்பெட்டி, முந்நூறு பிரதி. அச்சகத்துத் தங்கராசு குட்டியானை வண்டியில் ஏற்றிவந்து கூடத்தில் இறக்கிவைத்துவிட்டு, "பொண்ணுக்குச் சீர் வந்து எறங்குன மாதிரி இருக்குதுங்கக்கா" என்றான். தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அட்டையில் 'வீடு பூட்டியிருந்தது' என்று பெரிதாகப் போட்டு, கீழே 'கே. மரகதம், சப்-போஸ்ட்மாஸ்டர் (ஓய்வு)' என்று அடித்திருக்கிறான். பேர் மட்டும் போதும் என்று மூன்று தடவை சொன்னேன். கல்யாணப் பத்திரிகை அடித்தே பழகிய கை. பேருக்குப் பக்கத்தில் ஒரு பட்டம் இல்லாவிட்டால் அவனுக்குப் பொறுக்காது.

தலைப்பு என்னுடையதுதான். பதிவுத் தபாலை வாங்கிக்கொள்ள வீட்டில் ஆளில்லை என்றால் தபால்காரர் உறைமேல் எழுதிக்கொண்டு வரும் குறிப்பு அது. முப்பத்தாறு வருஷ சர்வீசில் அதைப் பல ஆயிரம் உறைகளில் பார்த்திருப்பேன். மொத்தம் இருபத்திரண்டு கட்டுரை. எல்லாம் தபாலாபீஸ் கதைகள். ஒன்றே ஒன்றில் மட்டும் என் வீடு வருகிறது.

மதியம் சாதம் வடித்து ரசம் வைத்தேன். குக்கரைப் பரணில் போட்டு ஏழு வருஷமாகிறது. குக்கர் சோறு எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

ஜனவரி 11, வியாழன்

கரூர் ஜவகர் பஜார் பக்கம் உள்ளூர்க் கடைக்குப் போனேன். கைடு, நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ். நடுவில் கொஞ்சம் புத்தகமும் உண்டு. கடைக்காரர் என்னிடம் இருபது வருஷம் ஆர்.டி. கட்டியவர். மரியாதைக்கு இரண்டு பிரதி வாங்கி, பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டார். விற்கிற எண்ணம் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஜனவரி 12, வெள்ளி

தங்கராசு கேட்டான்: "கோயமுத்தூர்க் கடைதான் வேணும்னு நிக்கறீங்களே, ஏனுங்க? ஈரோடு இருக்குது, சேலம் இருக்குது, திருச்சி இருக்குது. அங்கெல்லாம் கேட்டுப் பாக்கலாமில்ல?"

"பெரிய ஊர்ல இருந்தாத்தான் மதிப்பு" என்றேன். அவன் நம்பவில்லை.

இது என் டைரி. இதில் எழுதலாம். என்னோடு வேலை பார்த்த பிலோமினா இப்போது கோவையில் மகன் வீட்டில் இருக்கிறாள். போன வருஷம் ஒருநாள் போன் செய்து, "மரகதம், உன் மகளைப் பாத்தேன். காந்திபுரத்துல ஒரு புத்தகக் கடையில. சனிக்கிழமை சாயந்திரம். நான் கிட்டப் போறதுக்குள்ள போயிட்டா" என்றாள். மறு மாதமும் பார்த்திருக்கிறாள். அதுவும் ஒரு சனிக்கிழமை. அதே கடை.

மஞ்சரி சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். பொங்கலுக்குத் துணி வேண்டாம், புத்தகம் வேண்டும் என்பாள். வேறு ஆட்கள் வீட்டுப் பையனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். எட்டு வருஷமாகிறது. என் வீட்டுக்காரர் உயிரோடிருந்தவரை அவள் பேரை இந்த வீட்டில் எடுக்க முடியாது. அவர் சொன்னால் சொன்னதுதான். வீட்டைவிட்டுப் போன பிறகு அவள் ஒரே ஒரு தடவை வந்தாளாம். அன்று நான் வீட்டில் இல்லை. வந்தவள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அதைத்தான் அறுபத்தொன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

விலாசம் இல்லை. கடிதம் போட வழியில்லை. அவள் போகும் கடையில் என் புத்தகம் இருந்தால் பேரைப் பார்ப்பாள், எடுப்பாள், படிப்பாள். அம்மா வேண்டுமென்றே தன்னைத் திருப்பி அனுப்பவில்லை என்று தெரிந்துகொள்வாள். அவ்வளவுதான். இதற்குத்தான் முந்நூறு பிரதி. குறைத்து அடிக்க முடியாது என்று தங்கராசு சொல்லிவிட்டான்.

ஜனவரி 23, செவ்வாய்

காலை ஆறரை பஸ். சிங்காநல்லூரில் இறங்கி டவுன் பஸ் பிடித்து காந்திபுரம் போய்ச்சேர பத்தேகால். கடைக்கு மாடியில் இரண்டு தளம், கீழே ஒரு தளம். இவ்வளவு புத்தகத்தை ஒரே இடத்தில் பார்த்ததும் என் ஐந்து பிரதியை மடியில் மறைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மேனேஜர் நாச்சிமுத்து. ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே தேடுகிற ஆள். புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். எந்தப் பதிப்பகம் என்றார். நானே போட்டது என்றேன். எத்தனை பேர் இப்படி வந்திருப்பார்களோ, முகத்தில் ஒரு களைப்பு தெரிந்தது.

"ஐஎஸ்பிஎன் நம்பர் இருக்குதுங்களாம்மா?"

"இல்லை."

"அதுகூடப் போகட்டுங்க, பில்லுக்கு நாங்களே ஒரு நம்பர் போட்டுக்குவோம். இதைப் பாருங்க." புத்தகத்தின் முதுகைத் திருப்பிக் காட்டினார். வெறும் வெள்ளை. "முதுகுல பேரே இல்லீங்களே. அலமாரியில முதுகு மட்டுந்தானுங்க தெரியும். இதை உள்ள சொருகுனா அந்த நிமிஷமே தொலஞ்சு போயிரும்."

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணப் பத்திரிகைக்கு ஏது முதுகு? தங்கராசுக்குத் தெரியாது, சரி. ஆயுள் முழுக்கப் புத்தகம் படித்த எனக்கு எங்கே போயிற்று புத்தி?

"இந்தப் புத்தகத்தைக் கேட்டு ஆளுங்க வருவாங்களா? பத்திரிகையில எதாச்சும் வந்திருக்குதுங்களா?"

"ஒருத்தர் வருவாங்க" என்றேன்.

"ஒருத்தருக்காக எப்படீங்கம்மா வெக்கறது?" என்று சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

சனிக்கிழமை வந்திருக்கலாமே என்று பிலோமினா போனில் கேட்டாள். சனிக்கிழமை பஸ்ஸில் கூட்டம்.

ஜனவரி 26, வெள்ளி

குடியரசு தின விடுமுறை. யாருக்கு? எனக்கு எல்லா நாளும் விடுமுறைதான். கெட்டி வெள்ளைத் தாளை விரல் அகலத்துக்கு நறுக்கி, இந்தியன் இங்கில் தலைப்பும் பேரும் எழுதி, பசை தடவி முதுகில் ஒட்டினேன். பார்சலுக்கு லேபிள் ஒட்டிய கை. ஒரு சுருக்கம் இல்லை. நாற்பது பிரதி முடிந்தது. கழுத்து பிடித்துக்கொண்டது.

தங்கராசு வந்து பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்குங்கக்கா" என்றான். அப்புறம், "பட்டத்தை விட்டுட்டீங்களே?" என்றான்.

பிப்ரவரி 6, செவ்வாய்

வாங்கிக்கொண்டார்! ஐந்து பிரதி.

லேபிளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார் நாச்சிமுத்து. பெயரவில்லை. "போஸ்டாபீஸ் பசைங்களா?" என்றார். ஆமாம் என்றேன். விற்றால் கழிவு போகத் தருவார்கள், விற்காவிட்டால் ஆறு மாதம் கழித்து நானே வந்து எடுத்துக்கொண்டு போகவேண்டும். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். கண்ணுக்கு நேராக இருக்கிற தட்டில் வைக்கச் சொல்லிக் கேட்டேன்.

"எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க" என்றார். "கண்ணுக்கு நேரா ஒரே ஒரு தட்டுத்தானுங்கம்மா இருக்குது."

கல்லாவில் ரெஜினா என்ற பெண். வெளியே வரும்போது, "நான் பாத்துக்கறேன்மா" என்றாள். அந்தச் சொல்லே எனக்குக் கரூர் வரை போதுமானதாக இருந்தது.

பிப்ரவரி 10, சனி

இன்று சனி.

பிப்ரவரி 17, சனி

இன்றும் சனி. வீடு முழுக்கத் துடைத்தேன். போனைச் சார்ஜில் போட்டு ஒலியைக் கூட்டி வைத்தேன். புத்தகத்தின் பின்னட்டையில் என் நம்பர் இருக்கிறது. வந்த அழைப்பு ஒன்றுதான். வீட்டுமனை வேண்டுமா என்றார்கள்.

மார்ச் 19, செவ்வாய்

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

இலக்கியத் தட்டில் இல்லை. கட்டுரைத் தட்டில் இல்லை. கடைசியில் கீழ்த்தளத்து மூலையில், குழந்தைகள் பகுதியில், தரையை ஒட்டிய கடைசித் தட்டில் இருந்தது. ஒரு பக்கம் விலங்குகளுக்கு வண்ணம் தீட்டும் புத்தகம், மறு பக்கம் ஸ்டிக்கர் புத்தகம். நடுவில் நான். நேராக நாச்சிமுத்துவிடம் போனேன்.

"யானைக்கும் ஒட்டகத்துக்கும் நடுவுல வெச்சிருக்கீங்க. அறுபத்தோரு வயசுக்காரி எழுதின புத்தகம் அது."

"எடம் இல்லீங்கம்மா. பரீட்சை சீசன், மேல பூராவும் கைடு. ரெஜினாதான் அங்க கொஞ்சம் எடம் கெடக்குதுன்னு..."

ரெஜினா எழுந்து வந்தாள். "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. மேல வெச்சா பின்னால தள்ளிருவாங்க. இங்க யாரும் கலைக்க மாட்டாங்க. கொழந்தைங்களோட வர்ற அம்மாமாரு சும்மாதான நிக்கறாங்க, கண்ணுல படும்னு வெச்சேன்."

குனியாமல் தெரியாத இடத்தில் வைத்துவிட்டுக் கண்ணில் படுமாம். மஞ்சரிக்கு அந்த மூலையில் என்ன வேலை? அவள் நேராகக் கதைப் புத்தகங்களுக்குத்தான் போவாள். ஐந்து பிரதியும் அப்படியே இருந்தன. டீ கொடுத்தார்கள். குடிக்கவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. எதிர்வீட்டு சரோஜா பாயசம் கொடுத்தனுப்பினாள். அவள் வீட்டுக் குக்கர் காலையிலிருந்து ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தி வைத்தேன். மின்விசிறியையும் வேகமாக வைத்தேன்.

மே 14, செவ்வாய்

வெயில். வெளியே போகவில்லை. பெட்டிகளில் கரையான் வந்துவிடுமோ என்று எல்லாவற்றையும் எடுத்து மரக்கட்டையின் மேல் அடுக்கினேன். தங்கராசு மதுரையில் தனக்குத் தெரிந்த கடை இருக்கிறது என்கிறான். வேண்டாம் என்றேன். மதுரையில் எனக்கு யாரும் இல்லை.

ஜூன் 15, சனி

ரெஜினா போன் செய்தாள்!

"அம்மா, உங்க புத்தகத்த யாரோ படிக்கறாங்கம்மா. வாரா வாரம் இடம் மாறி இருக்குது. ஒண்ணுல பஸ் டிக்கெட் சொருகி வெச்சிருக்காங்க. போன வாரம் பாத்தப்ப இருபதாம் பக்கம், இப்ப நாப்பதுக்குப் பக்கம் வந்திருச்சு."

"யாருன்னு பாத்தியாம்மா?"

"நான் கல்லாவுல இருக்கறனுங்களா, கீழ என்ன நடக்குதுன்னு தெரியறதில்ல. பாக்கறேன்மா."

போனை வைத்தபின் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அவளேதான். படித்த இடத்தில் பஸ் டிக்கெட் வைப்பது அவள் வழக்கம். பக்க நுனியை மடித்தால் அவளுக்குப் பிடிக்காது, எனக்குக்கூட அதற்காகத் திட்டு விழுந்திருக்கிறது. நாற்பதில் இருக்கிறாள். இன்னும் இருபத்தொரு பக்கம்.

சேமியாப் பாயசம் வைத்தேன். சர்க்கரை நோய்க்காரி, இரண்டு டம்ளர் குடித்தேன்.

ஜூன் 29, சனி

ஐம்பதைத் தாண்டியிருப்பாள்.

ஜூலை 6, சனி

இன்று அறுபத்தொன்று வந்திருக்கும். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 13, சனி

இல்லை.

ஜூலை 27, சனி

அடுக்களைப் பரணைச் சுத்தம் செய்தேன். குக்கரை நகர்த்திவிட்டுத் துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஆறு மாதம் முடிந்ததென்று நாச்சிமுத்து கூப்பிட்டிருந்தார். போனேன். ரெஜினா இன்று லீவாம். ஐந்து பிரதியும் சணல் கட்டி மேஜை மேல் இருந்தன.

"ஒண்ணும் போகலீங்கம்மா. ஒண்ணுல மட்டும் யாரோ பென்சில்ல கிறுக்கி வெச்சிருக்காங்க. கொழந்தைங்க பக்கம் இருந்ததில்லீங்களா, எங்க தப்புத்தான். அதுக்கு வேணும்னா விலையக் குடுத்தர்றோம்" என்றார்.

வேண்டாம் என்றேன். பஸ்ஸில் கட்டைப் பிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, விளக்கேற்றிவிட்டுப் பிரித்தேன். நான்கு பிரதி புதுசாக இருந்தன. ஐந்தாவதின் முனைகள் மழுங்கியிருந்தன. அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஒரு டவுன் பஸ் டிக்கெட்.

அந்தப் பக்கத்தில் நான் எழுதியிருப்பது இது: 'ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை என் மகள் வீட்டுக்கு வந்தாள். வீடு பூட்டியிருந்தது. வந்தவள் திரும்பிப் போய்விட்டாள். பதிவுத் தபாலுக்காவது ஏழு நாள் காத்திருப்பு உண்டு.'

ஒன்பதாவது வரியில் 'வீடு பூட்டியிருந்தது' என்பதன் கீழே பென்சிலால் கோடு. ஓரத்தில் மஞ்சரியின் கையெழுத்து. சின்னச் சின்ன எழுத்து, வரி கொஞ்சம் மேலே ஏறிக்கொண்டே போகும்.

'குக்கர் மூணு விசில் வந்துச்சு. நான் எண்ணினேன்.'

ஆகஸ்ட் 7, புதன்

எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

இப்போது எழுதுகிறேன்.

நான் வீட்டில்தான் இருந்தேன். மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். லீவு போட்டிருந்தேன். அவர் ஊரில் இல்லை. குளித்தலையில் அவர் தங்கை மகளுக்கு வளைகாப்பு, தாய்மாமன் என்று காலையிலேயே போய்விட்டார். மஞ்சரியைப் பற்றி நாலு பேர் கேட்பார்களே என்று நான் போகவில்லை. என்னைத் தடுக்க அன்று இந்த வீட்டில் ஒருத்தரும் இல்லை. எட்டு வருஷமாக எல்லாவற்றையும் அவர் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். செத்த மனுஷர், மறுத்துப் பேசவா போகிறார்?

கதவு தட்டும் சத்தம் கேட்டது. "அம்மா, நாந்தான்" என்றாள். குரல் அப்படியே இருந்தது. கதவுப் பக்கம் போனேன். கதவிடுக்கில் பார்த்தேன். வெயிலில் நின்றிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, வாசற்படியில் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு நின்றிருந்தாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. தெருவில் சரோஜா வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. அது கண்ணில் பட்டது. சொல்லாமல் போனவள்தானே, கொஞ்சம் நிற்கட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன். ஒரு நிமிஷம் நிற்கட்டும், அப்புறம் திறக்கிறேன்.

அப்போதுதான் குக்கர் விசில் அடித்தது. அவளுக்குக் கேட்டிருக்கும் என்று தெரிந்துபோயிற்று. உள்ளே இருந்துகொண்டு திறக்கவில்லை என்று தெரிந்தபின் எந்த முகத்தை வைத்துக்கொண்டு திறப்பது? வெட்கமாகிவிட்டது. வெட்கத்தை மறைக்கக் கோபத்தை வரவழைத்துக்கொண்டேன். இரண்டாவது விசில். தாழ்ப்பாளில் என் கை இருந்தது. மூன்றாவது விசிலுக்குப் பிறகு திறந்தேன்.

படியில் பாட்டில் வைத்த ஈர வட்டம் மட்டும் இருந்தது. தெருமுனை வரை பார்த்தேன். ஓடிப் போயிருக்கலாம். செருப்புத் தேடினேன். செருப்புத் தேடிக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

விலாசம் தெரியாது என்று எழுதியிருக்கிறேன். பாதி எழுத்து அழிந்த உறைக்குக்கூட ஆளைத் தேடிப்பிடித்தவள் நான். தேடினால் கிடைத்திருக்கும். கடையில் சனிக்கிழமை போய் நின்றிருந்தால் நேரிலேயே பார்த்திருக்கலாம். பஸ்ஸில் கூட்டமாம். பொய்யை அச்சடித்து அவள் கையில் கொடுக்க முந்நூறு பிரதி போட்டேன். என் மகள் நின்றபடியே அறுபத்தொரு பக்கம் படித்திருக்கிறாள். அம்மா எங்கேயாவது ஒரு வரி உண்மை சொல்லியிருப்பாள் என்று வாரா வாரம் வந்திருக்கிறாள்.

ஜனவரி 12-ஆம் தேதிப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

ஆகஸ்ட் 10, சனி

சனிக்கிழமை பஸ்ஸில் கூட்டமே இல்லை.

பதினோரு மணியிலிருந்து கீழ்த்தளத்து மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்குக் கல்லாவில் கூட்டம் குறைந்ததும் ரெஜினா வந்தாள்.

"ஒருநாள் கீழ எட்டிப் பாத்தனுங்கம்மா. ஒரு அக்கா. சனிக்கிழமையானா பாப்பாவக் கூட்டிட்டு வருவாங்க. அந்தப் பாப்பா இங்கதான் தரையில உக்காந்து படம் பாக்கும். எடுத்துக் குடுக்கக் குனிஞ்சப்ப உங்க புத்தகத்தப் பாத்திருப்பாங்க போல. பாப்பா பக்கத்துல அவங்களும் தரையில உக்காந்து படிப்பாங்க. பாப்பாவுக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டு, இதை வெச்சிட்டுப் போயிருவாங்க."

"பாப்பாவுக்கு என்ன வயசும்மா?"

"ஆறு, ஏழு இருக்குமுங்க. முன்பல்லு ரெண்டும் விழுந்திருச்சு. வாய மூடாமப் பேசும்."

நான் கணக்குப் போடவில்லை. போடத் தேவை இல்லை. அன்று அவள் வயிற்றில் பிள்ளை என்று கதவிடுக்கிலேயே எனக்குத் தெரியும்.

"கடைசியா எப்ப வந்தாங்க?"

"போன மாசம் மொத வாரம். எங்கிட்ட வந்து ஒரு பென்சில் கேட்டாங்க. பாப்பா படம் வரையறதுக்குன்னு நினைச்சுக் குடுத்தேன். திரும்பக் கொண்டாந்து குடுக்கறப்ப கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. 'அடுத்த வாரம் வருவீங்களாக்கா'ன்னு கேட்டேன். 'இல்லம்மா, வீட்டுக்காரருக்கு மாத்தல். ஊரக் காலி பண்றோம்'னாங்க. எந்த ஊருன்னு நான் கேக்கலீங்கம்மா." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளுக்குக் குரல் மாறிவிட்டது. "பேரும் கேக்கல. பில்லுல போன் நம்பர் குடுக்கவும் மாட்டாங்க. கேட்டிருக்கோணும். தெரியாமப் போச்சும்மா."

அவள் மேல் என்ன தப்பு? ஏழு வயசுப் பேத்தி பேர் எனக்கே தெரியாது.

"அந்தப் பென்சில் இருக்குதா?" என்று கேட்டேன். கல்லாவில் தேடினாள். பத்துப் பதினைந்து பென்சில் கிடந்தது. எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பிலோமினாவிடம் சொல்லிவிட்டேன். பழைய சகாக்கள் எல்லாரிடமும் மாப்பிள்ளை பேரைச் சொல்லி விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை என்று முதல் தடவையாக எழுதுகிறேன். தனியார் கம்பெனி என்பது மட்டும் தெரியும். எந்தக் கம்பெனி, எந்த ஊர், ஒன்றும் தெரியாது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஆவணி பிறக்கப்போகிறது. நாளை, அடுத்த வாரம் என்று தள்ளாமல் இன்றே பரணிலிருந்து குக்கரை இறக்கினேன். கேஸ்கட் காய்ந்து வெடித்திருந்தது. கடைக்குப் போய்ப் புதிது வாங்கிவந்து போட்டேன். அரிசியும் தண்ணீரும் வைத்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அவள் நின்ற படியில் நின்றேன்.

நன்றாகக் கேட்கிறது. பக்கத்தில் நின்று அடிப்பது போல அவ்வளவு தெளிவாக. முதல் விசிலுக்கும் மூன்றாவதற்கும் நடுவே நிறைய நேரம் இருக்கிறது. உள்ளே இருந்தபோது அது எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

அச்சகம் போனேன். பிழைதிருத்தம் அடிக்க வேண்டும் என்றேன். புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு துண்டுத் தாள்.

"எழுத்துப் பிழைங்களாக்கா? நான்தான் எதாச்சும்..."

"உன் பிழை இல்லை தங்கராசு."

எழுதிக் கொண்டுபோனதைக் கொடுத்தேன். படித்தான். மறுபடி படித்தான். பிறகு, "வெள்ளைத் தாளுங்களா, மஞ்சளுங்களா?" என்று மட்டும் கேட்டான்.

"வெள்ளை."

"கீழ பேரு?"

"போடு."

"பட்டம்..."

"வேண்டாம்."

இந்த முறை சொன்னபடி அடித்துக் கொடுத்தான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இருநூற்றுத் தொண்ணூற்றேழு பிரதியிலும் ஒட்டி முடித்தேன். மூன்று நாள் வேலை. முதுகில் பேர் இல்லாதவற்றுக்கெல்லாம் லேபிளும் எழுதி ஒட்டினேன். உள்ளூர்க் கடைக்காரரிடம் இருந்த இரண்டையும் பிள்ளையாரிடமிருந்து வாங்கி அவற்றிலும் ஒட்டிக் கொடுத்தேன். மஞ்சரி எழுதிய பிரதி மட்டும் என் தலைமாட்டில் இருக்கிறது. அதில் ஒட்டவில்லை. அதில் திருத்தம் ஏற்கெனவே இருக்கிறது.

முன்பு எனக்கு ஒரு கடை போதும். இப்போது எந்த ஊர் என்று தெரியாததால் எல்லா ஊர்க் கடையும் வேண்டும். ஈரோடு, திருப்பூர், சேலம், திருச்சி, மதுரை. தங்கராசு சென்னைக் கடைகளின் பட்டியல் எடுத்துத் தருகிறேன் என்றிருக்கிறான். ஐஎஸ்பிஎன் நம்பருக்கும் எழுதிப் போட்டாயிற்று. இனிச் சனிக்கிழமைகளில்தான் போவேன்.

ஆகஸ்ட் 31, சனி

ஈரோடு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நடுத்தரக் கடை. கடைக்காரர் புத்தகத்தைத் திறந்தவுடன் முதல் பக்கத்துத் துண்டுத் தாளைத்தான் படித்தார்.

*பிழைதிருத்தம். பக்கம் 61, வரி 9: 'வீடு பூட்டியிருந்தது' என்பதை, 'நான் உள்ளேதான் இருந்தேன். குக்கர் மூன்று விசில் வந்தது. நான் கதவைத் திறக்கவில்லை' என்று திருத்திப் படிக்கவும். இந்தப் புத்தகத்தின் அட்டையில் இருப்பதும் பிழையே. — மரகதம்*

என்னை ஒரு தடவை பார்த்தார். "மூணு பிரதி குடுங்கம்மா. எங்க வெக்கட்டுமுங்க? எல்லாரும் முன்னால மேஜையில வெக்கச் சொல்லித்தான் சண்டை போடுவாங்க" என்றார்.

"குழந்தைங்க புத்தகம் எங்கே இருக்குதுங்க?"

காட்டினார்.

"அங்கே வையுங்க. கீழ்த் தட்டில். தரையில உட்கார்ந்தா கண்ணுல படற மாதிரி."

வைத்துவிட்டு, அவர் போட்ட நாற்காலியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். நிறையப் பேர் வந்தார்கள், கைடு வாங்கினார்கள், போனார்கள். ஐந்து மணி சுமாருக்கு ஒரு சின்னப் பெண் ஓடிவந்து அந்தத் தட்டுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தது. சிரித்தது. முன்பல் இரண்டும் இல்லை. பின்னாலேயே செருப்புச் சத்தம் கேட்டது. எழுந்து நின்று பார்த்தேன்.

வேறு யாரோ.